அசையும் படத்தில் மொய்க்கும் புள்ளிகள்

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கணினியில் அசைவுப் படம் செய்யப் பயின்று வருகின்றனர். பல வாரங்கள் உழைத்துப் பத்து விநாடி ஓடும் படமொன்றை முடித்து வீட்டாருக்குக் காட்டுகின்றனர். படம் ஓடுகிறது, நிழல் விழும் இடமெல்லாம் புள்ளிகள் ஈயென மொய்க்கின்றன, சுவர் மினுங்கி மினுங்கி அடங்குகிறது. “கம்ப்யூட்டர் பழையது, புதியது வாங்கினால் சரியாகும்” என்கிறான் பிள்ளை. தந்தையோ யாரிடம் கடன் கேட்பது என எண்ணத் தொடங்குகிறார். சற்றுப் பொறுங்கள்! பெரும்பாலும் நோய் கணினியில் இல்லை. புதிய கணினி அதே பிழையை விரைவாகச் செய்து தரும், அவ்வளவே.

புள்ளி வேறு, மினுங்கல் வேறு. இரண்டையும் ஒன்றென மயங்குவதிலேதான் இரவுகள் வீணாகின்றன.

முதலில் புள்ளி. ஒளி ஒரு பொருளின்மீது பட்டு, தெறித்து, மற்றொன்றில் பட்டுக் கண்ணை அடைவதை ஒரு சமன்பாட்டில் அடக்கியவர் ஜேம்ஸ் கஜியா, ஆண்டு 1986. அதன் விடையை முழுதாகக் கணக்கிட இயலாது. ஆதலின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் குருட்டாம்போக்கில் சில கதிர்களை அனுப்பி, அவை கொணரும் ஒளியின் சராசரியைக் கணினி எடுத்துக்கொள்கிறது. இக்கதிர்களையே சாம்பிள் என்கின்றனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். தம் போட்ட பிரியாணித் தேக்சாவுக்கு அது பொருந்துமா? மேலே ஒரு பதம், அடியில் ஒரு பதம், ஓரத்தில் ஒரு பதம். நாலைந்து இடத்தில் கிளறிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சாம்பிள் குறைந்தால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வெவ்வேறு தீர்ப்புச் சொல்லும். அந்த முரண்பாடே நாம் காணும் புள்ளி.

அப்படியானால் சாம்பிளைக் கூட்டிவிடலாமே எனில், இங்கேதான் கணக்குக் கடுமையானது. புள்ளியைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் பத்து விநாடிக்கு 250 ஃபிரேம். ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் 8 மணி 20 நிமிடம். புள்ளியைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 33 மணி நேரம்; காலாகக் குறைத்தால் 133 மணி நேரம், அதாவது ஐந்தரை நாள்! மின்கட்டணம் செலுத்துவோர் இதை அறிந்திருத்தல் நலம்.

இதற்கு மாற்றாக வந்தவையே புள்ளி நீக்கும் கருவிகள். இன்டெல் நிறுவனம் 2019இல் ஒன்றை இலவசமாக வெளியிட்டது. அதே ஆண்டில் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளிலும் அது சேர்ந்தது. அசையாப் படத்திற்கு அது அருமருந்து. ஓடும் படத்திலோ ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே ஊகித்துத் துடைப்பதால், துடைத்த கறை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறி, காயும் பாலின் ஏடுபோல் நெளிகிறது. புள்ளி போயிற்று, மினுங்கல் வந்தது! ஆகவே கருவிக்கு வேலை குறைவாக இருக்கும் அளவுக்கேனும் சாம்பிளைக் கூட்டியபின்னரே அதை ஏவ வேண்டும்.

‘சீட்’ என்றொரு எண் உண்டு. கதிர்கள் எத்திசையில் சிதற வேண்டும் என்பதை அது நிர்ணயிக்கிறது. படம் முழுதும் அது மாறாதிருந்தால், அழுக்கான பேருந்துக் கண்ணாடி வழியே ஊரைப் பார்ப்பது போலப் புள்ளிகள் ஓரிடத்திலேயே ஒட்டி நிற்கும். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில்தான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) உருவாயிற்று. அக்காலத்துப் பிலிமிலும் மணிமணியாகத் துகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் துகள்கள் இடம் மாறுவதால் கண் அதைப் பொறுத்துக்கொண்டது. பிளெண்டரில் சீட் எண்ணின் அருகிலுள்ள கடிகாரக் குறியை அழுத்தினால் இங்கும் அவ்வாறே மாறும்.

இனி, சாம்பிளுக்கு எளிதில் அடங்காத மினுங்கல்கள். நாமக்கல் லாரிப் பட்டறை ஒன்றுக்கு விளம்பரம் செய்வதாகக் கொள்வோம். பாடியின் பலகையும் அதன்மேல் ஒட்டிய பெயர்ப்பலகையும் ஒரே தளத்தில் அமைந்துவிட்டால், எது முன், எது பின் எனக் கணினி தடுமாறும். ஓட்டை ஓட்டையாய் மினுங்கும். ஒன்றை ஒரு மயிரிழை முன்னே நகர்த்தினால் தீர்ந்தது. ஓட்டுநர் உடுத்த கட்டம்போட்ட கைலி தொலைவில் அலையலையாய் நெளிகிறதா? ஒரு பிக்சலுக்குள் பல கட்டங்கள் அடைபட்டுள்ளன. தொலைவுக் காட்சிக்கு மங்கிய துணிப்படத்தைப் பயன்படுத்துக. பளபளக்கும் இரும்பில் திடீரென வெண்பொறி தெறித்தால், தெறித்து வரும் ஒளிக்கு உச்சவரம்பு கட்டும் ‘கிளாம்ப்’ உதவும். அளவு மீறினால் பளபளப்பும் மங்கும்.

எந்நோய் என்பதை அறிய எளிய சோதனை உண்டு. ஒரே ஃபிரேமை இரண்டு சீட் எண்களில் எடுத்துப் பாருங்கள். கறை இடம் மாறினால் சாம்பிள் குறை. அசையாது நின்றால் பொருளின் அமைப்பிலோ துணிப்படத்திலோ குறை. பத்து நிமிட வேலை. பயிற்சிக் கூடங்கள் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு நிறுத்தாமல் இதையும் கற்றுத்தருமாயின் பெற்றோர் கட்டும் பணத்திற்குப் பொருளிருக்கும்.

2025இல் ஆஸ்கர் பெற்ற ‘ஃப்ளோ’ என்னும் லாட்விய நாட்டு அசைவுப் படம் இதே பிளெண்டரில், கதிர்களை இறைக்காத விரைவு முறையில் செய்யப்பட்டதே.

படத்தை நேராக வீடியோவாக எடுக்காமல் ஃபிரேம் ஃபிரேமாகச் சேமிப்பது உத்தமம். நடுவே மின்சாரம் போனாலும் முடிந்தவை தங்கும். கெட்ட ஃபிரேமை மட்டும் மீண்டும் எடுக்கலாம். முடித்ததைத் துபாயிலிருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “கட்டம் கட்டமாய்த் தெரிகிறதே” என்று பதில் வந்தால் பதற வேண்டா. அது வழியில் சுருக்கியதால் வந்தது. டாக்குமென்டாக அனுப்பினால் மூலப் படம் அப்படியே போய்ச் சேரும்.