பச்சைன்னா பச்சை... அப்படி ஒரு பச்சை!

தேனிப் பக்கத்துப் பசங்களுக்கு ஏலக்காயைப் பத்தி நான் சொல்லணுமா என்ன? விடிகாலையில் கம்பம், போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களில் உங்க அம்மாவோ அத்தையோகூட இருக்கலாம். அவங்க இடுக்கி மலையில் பறிக்கிற காய்தான் போடிக்கு இறங்கி வந்து ஏலத்துக்குப் போகுது. அங்கே வியாபாரி கண்ணு முதல்ல பார்க்கிறது ரெண்டைத்தான்... பருமன், பச்சை. பச்சை வெளுத்தா விலையும் வெளுத்துடும்!

வில்லங்கமே இதில்தான். பறிச்ச காயைப் பக்குவமான சூட்டில் உலர்த்தினால்தான் பச்சை நிற்கும். சூடு தப்பினாலோ, வெயில் பட்டாலோ மஞ்சளடிச்சிடும். அந்த மாதிரி காய்க்குச் சாயம் ஏத்தி 'முதல் தரம்' ஆக்குற கில்லாடிகள் இருக்காங்க. போடியில் உணவுப் பாதுகாப்புத் துறை ரெய்டு நடத்தி, சாய ஏலக்காயைப் பறிமுதல் செய்ததும் நடந்திருக்கு.

"கலர்தானே மச்சி, கேசரியில போடலையா?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். நம்ம நாட்டில் 8 செயற்கை நிறங்களுக்கு அனுமதி உண்டு. ஸ்வீட், ஐஸ்க்ரீம் மாதிரி குறிப்பிட்ட அயிட்டங்களில் மட்டும், அதுவும் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை. (நம்ம மெஸ் மாஸ்டர் மில்லிகிராம் தராசு வெச்சா கலர் போடுறார்?) ஆனா, ஏலக்காயில் ஒரு துளிகூடச் சேர்க்கக் கூடாது. அனுமதிச்ச கலரா இருந்தாலும் தப்பு தப்புதான்.

அனுமதியே இல்லாத கலர் கதை வேற. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது ஞாபகமிருக்கா? அந்த ரோஸ் நிறத்தில் சிக்கினது ரோடமின்-பி. துணிக்குப் போடுற சாயம்!

சரி, அனுமதிச்சதெல்லாம் அக்மார்க் சுத்தமா? அதுவும் மாறிக்கிட்டேதான் இருக்கு. 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வில், சில கலர்களோடு ஒரு பதப்படுத்தியும் கலந்த பானத்தைக் குடிச்ச குழந்தைகளிடம் துறுதுறுப்பு கூடினது தெரிஞ்சது. 2010 முதல் ஐரோப்பாவில் அந்த 6 கலர்களுக்கு லேபிளில் எச்சரிக்கை கட்டாயம். அதில் டார்ட்ரஸின் உட்பட 4 நம்ம லிஸ்ட்டிலும் இருக்கு. கேக் மேல சிவப்பா உட்கார்ந்திருக்கும் செர்ரிக்கு நிறம் தர்ற எரித்ரோசினுக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதியை ரத்து பண்ணிடுச்சு. ஆண் எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததுதான் காரணம். மனுஷனுக்கு அந்த வழியில் வராதுன்னு அவங்களே சொல்றாங்க. ஆனாலும், விலங்குக்கு வந்தாலே அனுமதி கிடையாதுங்கிறது அவங்க சட்டம்.

இங்கே எனக்குக் கடுப்பு என்னன்னா, சாயம் போடாம நேர்மையா விற்கிற விவசாயிக்குத்தான் விலை குறையுது. இத்தனைக்கும் ஏலக்காயோட மணம் உள்ளே இருக்கிற கறுப்பு விதையில்தான். தோல் கொஞ்சம் வெளிறியிருந்தா டீ ருசி ஒண்ணும் குறையாது பாஸ்!

வீட்டில் நாலு காயை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு வைங்க. இலை, காயில் இயற்கையா இருக்கிற பச்சையம் தண்ணீரில் லேசில் கரையாது. தண்ணி பளிச்சுன்னு பச்சையாச்சுன்னா, மிச்சக் காயையும் பில்லையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு புகார் எழுதிக் கொடுங்க.