ஃப்ரெஷரிடம் எழுத என்ன இருக்கிறது?

"வேலை பார்த்தவன் ரெஸ்யூமில் நாலு வரி எழுதலாம். ஃப்ரெஷரிடம் மார்க்கைத் தவிர என்ன இருக்கு?" கல்லூரி கேன்டீனிலிருந்து பிளேஸ்மென்ட் அறை வரை இதே பேச்சுதான். இதை நம்புவதால்தான் மற்ற கோளாறுகளும் வருகின்றன. பக்கத்தை நிரப்ப முதலில் வார்த்தை ஜாலம். அதுவும் போதாதபோது பொய்.

பி.காம். படித்துக்கொண்டே மாலையில் மாமாவின் ஜவுளிக்கடையில் உட்காரும் பையனை எடுத்துக்கொள்வோம். அவன் ரெஸ்யூமில் அந்தக் கடை வரவே வராது. சொந்தக்காரர் கடை, சம்பளச் சீட்டு கிடையாது, இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு. ஆனால் டேலியில் பில் போட்டது அவன். எந்தத் துணிக்கு எத்தனை சதவீதம் ஜிஎஸ்டி என்று பார்த்துப் போட்டதும், இரவில் கல்லாவை எண்ணிக் கணக்கோடு ஒத்துப்பார்த்ததும், துணியை மாற்றித் தரச் சொல்லிக் கோபமாக வந்தவரைச் சமாளித்து அனுப்பியதும் அவன்தான். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஆள் தேடுகிறவர் வேறு எதைத் தேடுகிறார்? "மாமா கடையில் உதவி" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "ஜவுளிக்கடை, இரண்டு ஆண்டு, பகுதி நேரம்: டேலியில் பில்லிங், தினசரி ரொக்கக் கணக்கு முடித்தல், மாதக் கடைசியில் சரக்கிருப்புச் சரிபார்ப்பு" என்று எழுதினால் எதிரே இருப்பவர் அதைப் பிடித்துக் கேள்வி கேட்பார். அவனுக்குப் பதில் தெரியும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்ததை மறந்துவிட்டு ‘கடின உழைப்பாளி’ என்று எழுதுகிற பெண்களுக்கும் இதேதான்.

அடுத்தது, ஆப்ஜெக்டிவும் டிக்ளரேஷனும் இல்லாவிட்டால் ரெஸ்யூம் முழுமையாகாது என்பது. நிறுவனத்தோடு தானும் வளர விரும்புவதாகச் சொல்லும் அந்த வாசகம் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறிக் கைமாறித் தேய்ந்தே போய்விட்டது. அப்பா பெயர், மதம், கடைசியில் கையெழுத்தோடு உறுதிமொழி. ராசியும் நட்சத்திரமும் மட்டும் விடுபட்ட கல்யாண பயோடேட்டா மாதிரி இருக்கிறது. அரசு விண்ணப்பத்தில் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தனியார் வேலைக்கு அந்த இடத்தில் ப்ராஜெக்ட்டில் நீங்கள் செய்த பகுதியை எழுதலாம். காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் என்றால் எழுதாமல் இருப்பதே நல்லது. இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

"ஒரு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக்கோ, யார் பார்க்கப் போறாங்க?" பார்க்கிறார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பி.எஃப். கட்டாயம். எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணுக்குக் கீழே வரிசையாக வந்துவிடும். சின்ன கம்பெனி, பி.எஃப். இல்லை என்று சமாளித்தால், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தந்த கன்சல்டன்சி அன்றைக்கு போன் எடுக்காது. ஒரு வருட அனுபவம் வேண்டும் என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பட்டம், டிப்ளமோ முடித்தவர்கள் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம், சான்றிதழும் உண்டு. உதவித்தொகை குறைவு என்று நம் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போகிறார்கள்.

கலர் டெம்ப்ளேட் எடுபடும் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களில் முதலில் படிப்பது மென்பொருள். பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்ததும் படத்துக்குள் எழுதியதும் அதற்குக் குழம்பிப் போகலாம். திறமைப் பட்டியலில் பைத்தானுக்கு நாலு நட்சத்திரம் என்கிறார்கள், கொடுத்தது யார்?

கடைசியாக, எல்லாம் சிபாரிசுதான் என்பவர்கள். பாதி உண்மை. ஆனால் சிபாரிசு செய்யும் சித்தப்பாவும் "ரெஸ்யூமை வாட்ஸ்அப்ல அனுப்புப்பா" என்றுதான் ஆரம்பிக்கிறார். அவர் திறந்துகூடப் பார்க்காமல் எச்.ஆருக்குத் தள்ளிவிடுவார். ‘ரெஸ்யூம் ஃபைனல் 3’ என்ற பெயரில் போன கோப்பை அந்த எச்.ஆர். இரண்டு நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது. உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் வேலையின் பெயரையும் கோப்புக்கு வைத்து அனுப்புங்கள்.