கடைசி ஆள் வரும் வரை...



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். நிலவையும் காதலையும் எழுத நம் கல்லூரியில் ஏற்கனவே இருபது பேர் இருக்கிறார்கள்! அதனால் எனக்கு நடந்த ஒன்றையும், அதனால் என் மனதில் தோன்றிய ஒரு கருத்தையும் எழுதுகிறேன். பிடித்தால் கைதட்டுங்கள். பிடிக்காவிட்டால் கேன்டீனுக்கு வந்து சண்டை போடுங்கள்.

கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தருமபுரி மாவட்டத்தில் நடந்த 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் கலந்து கொண்டேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் ரேஸ். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்று எழுதப் போவதில்லை. நல்ல எண்ணத்தில்தான் நடத்தினார்கள். ஆனால் அன்றைக்கு அங்கே ஒரு தவறு நடந்தது. அதே தவறு நம் கல்லூரியிலும், நம் வீட்டிலும், ஏன், நம் மனதிலும் கூட நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். விடிகாலையில் ரோட்டில் ஒரு பையன் ஓடினால், போலீசுக்கோ மிலிட்டரிக்கோ தயாராகிறான் என்று அர்த்தம். போலீஸ் செலக்‌ஷனில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது எங்கள் ஊர் பாட்டிகளுக்குக் கூடத் தெரியும். நான் ஓட ஆரம்பித்ததும் அம்மா கேட்டார்கள், "ஏன்டா, டிப்ளமாவ வுட்டுட்டு போலீசுக்குப் போறியா?"

"இல்லம்மா, சும்மாதான் ஓடறேன்."

"சும்மா ஓடறதுக்கு எதுக்குடா தினமும் ரெண்டு முட்டை கேக்கற?"

அம்மா கேட்டதில் தப்பில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. என் படிப்புக்குப் போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு இருக்கிறது. பிரயோஜனம் இல்லாத காரியத்துக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. இருந்தாலும் தக்காளி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிகளின் வெளிச்சத்தில், இரண்டு மாதம் ஓடிப் பழகினேன். ஷூ நண்பனுடையது. அரை சைஸ் பெரிது. முன்னால் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

ரேஸ் அன்று எல்லோரும் செய்கிற தவறை நானும் செய்தேன். விசில் ஊதியதும் முன்னால் ஓடியவர்களோடு சேர்ந்து பறந்தேன். முதல் கிலோமீட்டர் சொர்க்கம். மூன்றாவதில் விலாவில் குத்தல். ஆறாவதில் ஒரு மேடு வந்தது. நடந்தேன்... வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு புளிய மரத்தடியில் நின்றே விட்டேன்.

புதிதாக ஓட நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஆரம்பத்தில் பக்கத்தில் ஓடுகிறவனோடு பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால், அது உங்களால் தாங்க முடியாத வேகம். உடம்பு எடுத்த கடனை ஆறாவது கிலோமீட்டரில் வட்டியோடு வாங்கிவிடும்.

எப்படியோ முடித்தேன். கையில் கட்டியிருந்த வாட்சில் 1 மணி 22 நிமிடம். ஆனால் எங்கே முடிப்பது? முடிவில் வைத்திருந்த வளைவைப் பந்தல்காரர் கழற்றிக்கொண்டிருந்தார். மேடையில் முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுத்து முடித்து, சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் கோட்டின் மேல் நாற்காலி ஏற்ற வந்த வண்டி நின்றது. "மெடல் தீந்து போச்சு தம்பி" என்றார் ஓர் அண்ணன்.

அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். என் அப்பா! ராத்திரி வேலை முடிந்து பெங்களூரில் பஸ் ஏறி, ஒசூர், ராயக்கோட்டை வழியாக நேராக அங்கே வந்திருந்தார். நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் வராதவர்.

"கோடு இங்கதான்டா இருந்துச்சு. வண்டிய நகத்துங்கன்னு சொன்னேன், கேக்கல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "போலாம்பா" என்றேன்.

"பின்னால இன்னும் ஆள் வர்றாங்களா?"

"அஞ்சு பேர் வர்றாங்க."

"அப்ப இரு."

அந்த ஐந்து பேரும் வரும் வரை அப்பா அங்கேயே நின்றார். ஒவ்வொருவர் வரும்போதும் கை தட்டினார். அதே பாட்டிலில் இருந்து தண்ணீர் கொடுத்தார். கடைசியாக வந்தவர் தலை நரைத்த ஒரு பெரியவர். அவர் குடிக்கும்போது பாட்டிலில் இரண்டு மடக்குதான் மிச்சம்.

நண்பர்களே, ஒரு ரேஸை நடத்தத் தெரிந்தவர் அன்று அந்த இடத்தில் என் அப்பா ஒருவர்தான் என்பது என் கருத்து. மகன் என்பதால் சொல்லவில்லை. காரணங்களைக் கேளுங்கள்.

1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடத்தில் ஓடித் தங்கம் வாங்கினார். தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்து முழங்காலில் பலத்த அடி. காலில் கட்டோடு, நொண்டிக்கொண்டே, 3 மணி 25 நிமிடத்தில் ஸ்டேடியத்துக்குள் வந்தார். ஓடி முடித்த 57 பேரில் அவர்தான் கடைசி. பொழுது சாய்ந்து கூட்டம் கலைந்திருந்தது. ஆனால் கோடு இருந்தது. மிச்சமிருந்த ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். இத்தனை வருஷம் கழித்தும் உலகம் அவரைப் பற்றிப் பேசுகிறது.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் பூட்டானின் கின்சாங் லாமோ, பெண்கள் மாரத்தானில் 80-வதாக, கடைசியாக வந்தார். 3 மணி 52 நிமிடம். தங்கம் வாங்கிய சிஃபான் ஹசன் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பாரீஸ் ஜனங்கள் சைக்கிளிலும் கால்நடையாகவும் அவர் கூடவே வந்து உற்சாகப்படுத்தினார்கள். யாரும் வண்டியைக் கொண்டுவந்து கோட்டின் மேல் நிறுத்தவில்லை.

இன்னொரு கதை கேளுங்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். கடுமையான வெயில். ஜப்பானின் ஷிசோ கனகுரி பாதி வழியில் சுருண்டு, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967-ல் ஸ்வீடன்காரர்கள் அவரைத் திரும்ப அழைத்தார்கள். எழுபத்தைந்து வயதில் அவர் விட்ட ஓட்டத்தை ஓடி முடித்தார். அவருடைய நேரம் 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி! ஐம்பத்து நாலு வருஷம் ஒருத்தருக்காகக் கோட்டைத் திறந்து வைக்க முடியுமானால், நம்மால் அரை மணி நேரம் முடியாதா?

"அதெல்லாம் ஒலிம்பிக். நம்ம ஊர் ரேஸில் பின்னால் வருகிறவன் யாரோ ஒருத்தன்தானே?" என்று கேட்பீர்கள். அந்த யாரோ ஒருத்தர் எப்படிப்பட்டவர் என்று நமக்கு எப்படித் தெரியும்? மகாராஷ்டிராவில் லதா பகவான் கரே என்று ஓர் அம்மா. கூலி வேலை செய்தவர். அறுபது வயதைத் தாண்டியவர். கணவரின் மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று பாராமதியில் நடந்த ஓட்டத்தில், கட்டிய புடவையோடு, வெறுங்காலில் ஓடினார். அதற்கு முன் அவர் எந்த ரேஸிலும் ஓடியதில்லை. முதியோர் பிரிவில் முதலாவதாக வந்தார்! 2020-ல் அவர் கதை மராத்தியில் சினிமாவாக வந்தது. அதில் அவரே நடித்து, 67-வது தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் பெற்றார். புறப்படும் கோட்டில் அவரைப் பார்த்தவர்கள், இந்தம்மா எங்கே ஓடி முடிக்கப் போகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆளைப் பார்த்து அளவு போடுவதில் நமக்கு அவ்வளவு அவசரம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டை எவ்வளவு நேரம் மறிப்பது? போலீஸ்காரர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? பஸ் போக வேண்டாமா? நியாயமான கேள்விகள்தான். தென்னாப்பிரிக்காவில் 1921-லிருந்து நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் சுமார் 90 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம்தான் அனுமதி. நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். ஒரு விநாடி பிந்தினாலும் மெடல் இல்லை. கல் நெஞ்சுதான். ஆனால் அந்த விதி ஓடுகிற அத்தனை பேருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்தக் கடைசி விநாடி வரை கோடு அங்கே இருக்கும். நேர வரம்பு வையுங்கள், தப்பே இல்லை. அதை முன்னாடியே சொல்லுங்கள், சொன்ன நேரம் வரை காத்திருங்கள். பரிசு வாங்குகிறவர்கள் வந்ததுமே ரேஸ் முடிந்துவிட்டது என்று நினைப்பதைத்தான் தப்பு என்கிறேன்.

பெரிய நகரங்களில் நடக்கும் ஓட்டங்களில் நெஞ்சில் குத்துகிற நம்பர் அட்டையோடு ஒரு சின்ன சிப் வருகிறது. முடிவில் விரித்திருக்கும் பாயில் ஆன்டெனா இருக்கும். அதை மிதித்துக் கடந்ததும் நம் நேரம் பதிவாகிவிடும். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு இது ஏபிசிடி. ஆனால் எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் பாயைச் சுருட்டிவிட்டால் ஓடினவனும் ஓடாதவனும் ஒன்றுதான். கருவி காத்திருக்காது. மனிதர்கள்தான் காத்திருக்க வேண்டும்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நாம் எல்லோரும் யார்? தமிழ் மீடியத்தில் படித்து, முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து மிரண்டவர்கள் எத்தனை பேர்? ஐ.டி.ஐ. முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, யாரோடும் பேசாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்கள் எத்தனை பேர்? நானே கணக்கில் அரியர் வைத்து, இரண்டாவது தடவைதான் பாஸ் பண்ணினேன். ரிசல்ட் வந்த அன்றைக்கு முதல் மூன்று ராங்க்கின் பெயர் போர்டில் ஏறுகிறது. பத்துத் தடவை விழுந்து, பதினோராவது தடவை எழுந்தவன் பெயரை யார் எழுதுகிறோம்? ஒன்று சொல்கிறேன், எங்கள் வீட்டில் படிப்பு என்ற கோட்டுக்கு ஓர் ஆள் வந்து சேர மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. அதுவரை யாரோ கோட்டை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு நான் இந்த மலரில் எழுதுகிறேன்.

ஆகவே மாணவர் பேரவைக்கும், விளையாட்டுச் செயலாளர் அண்ணனுக்கும் மூன்று கோரிக்கைகள்:

ஒன்று, நம் விளையாட்டு விழாவில் மூன்று பேர் வந்ததும் விசில் ஊதி மற்றவர்களை டிராக்கை விட்டு வெளியே போகச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். எல்லோரும் ஓடி முடிக்கட்டும்.

இரண்டு, ஓடி முடிக்கும் ஒவ்வொருவர் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருஷம் அவன் ஜெயிக்க வேண்டியது தன் சொந்த நேரத்தைத்தான்.

மூன்று, கடைசி ஆளுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சம் வையுங்கள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு நோட்டு, ஒரு குடம் தண்ணீர், நிற்பதற்கு மனசுள்ள ஓர் ஆள். அந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், நான் நிற்கிறேன். இல்லாவிட்டால் அப்பாவுக்குப் போன் பண்ணுகிறேன், ராத்திரி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார்!

வரும் ஜனவரியில் மறுபடியும் ஓடப் போகிறேன். இந்தத் தடவை சொந்த ஷூ. யார் யார் கூட வருகிறீர்கள்?

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு