தொட்டியில் வளரும் வில்நாண்

சேவுகம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பரணைச் சுத்தம் செய்தபோது மாமனார் காலத்து மூங்கில் வில் ஒன்று அகப்பட்டதாம். எட்டாவது படிக்கும் பிள்ளை அதை விடுவானா? துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கட்டி, தோட்டத்தில் ஈர்க்குக் குச்சியை எய்து பார்த்திருக்கிறான். மூன்றாம் நாள் முடிச்சு நழுவி, கயிறு கன்னத்தில் சுரீரென்று அடித்தது. கண்ணுக்கும் தழும்புக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். "கடையில் நாண் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எந்தக் கயிறு போடலாம்? இல்லை, வில்லையே அடுப்பில் வைத்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அடுப்பில் வைக்க வேண்டாம், அம்மா. ஆனால் அந்த நைலானை இன்றே கழற்றிவிடுங்கள்.

வில் என்றதும் எல்லோரும் மரத்தைத்தான் பார்க்கிறார்கள். நாணைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. இத்தனைக்கும் நாண் என்ற சொல் நம் வீட்டில் புழங்குகிற சொல். கழுத்தில் ஏறுவது மங்கல நாண். குழந்தை இடுப்பில் இருப்பது அரைஞாண். வில்லில் பூட்டுவதும் அதே நாண்தான். மூன்றுமே அறுந்து போகக் கூடாதவை!

நல்ல நாணுக்கு லட்சணம் என்ன? 'பலமாக இருக்க வேண்டும்' என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அதைவிட முக்கியம், அது நீளக் கூடாது. வில்லை வளைத்து இழுக்கும்போது உங்கள் கைப்பலம் முழுவதும் மரத்தில் சேர்கிறது. விட்டதும் அந்தப் பலம் அம்புக்குப் போய்ச் சேர வேண்டும். நாண் ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்தால் பாதிப் பலத்தை அதுவே விழுங்கிவிடும். நைலான் அந்த ஜாதி. வழவழப்பு வேறு, முடிச்சு நிற்காது. தென்னங் கயிறும் அப்படித்தான். கிணற்றில் வாளி இழுக்க அதைப்போல் வராது, வில்லுக்கு உதவாது.

நீளுகிற பொருளுக்கும் ஒரு காலம் வந்ததுண்டு. கி.மு. 149-ல் ரோமாபுரிப் படை கார்த்தேஜ் நகரை முற்றுகையிட வந்தபோது, அந்நகரப் பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கல் எறியும் யந்திரங்களுக்கு வடம் முறுக்க! அந்த யந்திரத்தில் வடமேதான் வில். முறுக்கினால் நீண்டு, விட்டால் சுருங்க வேண்டும். அதற்குத் தலைமயிர் பொருத்தம். கை வில்லின் நாணுக்கு நேர் எதிரான குணம் வேண்டும்.

சகோதரியின் அடுத்த கேள்வி, "எங்கள் ஊரில் வாழை நாருக்குப் பஞ்சமே இல்லை, அது ஆகுமா?" என்பது. தை மாதத்தில் சோலைமலை அழகர் பெருமாளுக்குக் கூடை கூடையாக வாழைப்பழம் கொண்டு வந்து சூறை விடுகிற ஊராயிற்றே! ஆனால் பூத்தொடுக்கிறோமே, அந்த நார் வெறும் மட்டைப் பட்டை. நனைத்தால் துவளும், காய்ந்தால் ஒடியும். நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகிற மல்லிகைக்கு அது போதும், வில்லுக்குப் போதாது. கோணிச் சணலும் வேண்டாம். சீக்கிரம் மக்கிப் பட்டென்று அறும்.

பின்னே எதுதான் ஆகும்? அர்த்த சாஸ்திரத்தில் ஆயுதசாலை அதிகாரிக்குச் சொல்லும் பகுதியில் நாணுக்கென்று ஆறு பொருள்கள் உண்டு: மூர்வை, எருக்கு, சணப்பு, கவேது என்ற புல், மூங்கில், மிருகங்களின் தசைநார். (தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொடுத்த சுவடியிலிருந்து 1909-ல் மைசூரில் ஷாமா சாஸ்திரி அச்சிட்ட புத்தகம் இது. நம் பக்கத்து ஓலை உலகப் புகழ் பெற்றது!) மனு ஸ்மிருதியிலும் க்ஷத்திரியப் பிள்ளையின் உபநயன அரைக்கயிறு மூர்வை நாணாக இருக்க வேண்டும் என்று விதி. மூர்வை எந்தச் செடி என்பதில் பண்டிதர்களுக்குள் தகராறு உண்டு. நம் ஊர் மருள்தான் அது என்பது ஒரு கட்சி.

எப்படியானாலும் மருள் நாணுக்கு உகந்ததுதான். வேலியோரத்திலும் வறண்ட கரட்டிலும் புதர் நிழலில் வாள் வாளாக நிற்குமே, பச்சையில் கரும்பச்சைப் பட்டை போட்ட சதைப்பற்றான இலை, அதுதான். ஆனைக்கற்றாழை போல ஓரத்தில் முள் இருக்காது. பழந்தமிழில் இதற்கு மரல் என்று பெயர். மரல் நாரில் கண்ணி தொடுத்துச் சூடிய செய்தி மலைபடுகடாமில் வருகிறது. அந்தக் காலத்துப் பூநார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த பெயரே 'வில்நாண் சணல்'. சென்னையிலும் கோவையிலும் வரவேற்பறையில் அழகுக்காகத் தொட்டியில் வைக்கிறீர்களே, 'ஸ்நேக் பிளான்ட்', அது இதன் ஆப்பிரிக்க உறவு. விலை கொடுத்து வாங்கி ஜன்னலோரம் வைத்திருப்பது வில்நாண் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நார் எடுப்பது கஷ்டமில்லை. முற்றிய இலையைப் பலகையில் கிடத்தி, மழுங்கிய கத்தியாலோ மூங்கில் பட்டையாலோ அடியிலிருந்து நுனிக்கு வழியுங்கள். சதை வழிந்து வெள்ளை நார் நிற்கும். அலசி நிழலில் உலர்த்துங்கள். தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவைத்தும் எடுக்கலாம். நிறம் மங்கும், நாற்றம் சகிக்காது. ஒரு கட்டு இலைக்கு ஒரு பிடி நார்தான் தேறும், மலைக்க வேண்டாம்.

எருக்கு நாரும் உறுதியானது. வெள்ளெருக்குத் திரி போட்டு விளக்கேற்றுகிற வீடுகளுக்கு அதை உரிக்கத் தெரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. தண்டை வெட்டி வாடவைத்து, பால் வற்றிய பிறகே உரிக்க வேண்டும். இந்த வேலையைப் பிள்ளையிடம் விடவே விடாதீர்கள். நானாக இருந்தால் எருக்கை விட்டுவிட்டு மருளையே எடுப்பேன்.

இனி முறுக்குவது. சடை பின்னத் தெரிந்த கைக்கு இது விளையாட்டு. நாரை இரண்டு புரியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, முறுக்கிய இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்றுங்கள். ஒரு முறுக்கு அவிழப் பார்க்கும்; மற்றது விடாது. அதனால்தான் கயிறு கயிறாக நிற்கிறது. நார் தீரும்போது புது நாரைச் சேர்த்து முறுக்கலாம். ஆனால் இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் ஒட்டுப் போடாதீர்கள், அங்கேதான் அறும். தடிப்பு நெடுகச் சமமாக இருக்கட்டும். முடிந்ததும் தேன்மெழுகைத் தேய்த்து, துணியால் சூடு பறக்க உருவினால் பிசிறு அடங்கும், ஈரமும் ஏறாது. ஒரு முனையில் நிலையான காது, மறுமுனையில் இறுக்க இறுக்கப் பிடிக்கும் சுருக்கு. அம்பு பொருந்தும் நடு இடத்தில் நூலை நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். தேய்மானம் முழுக்க அங்கேதான்.

எவ்வளவு பலம் வேண்டும்? வில்லை இழுக்கிற பலத்தைப் போல் நாலு பங்கு. பிள்ளையின் வில்லை ஸ்பிரிங் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். 15 கிலோ காட்டினால் நாண் 60 கிலோ தாங்க வேண்டும். இதற்குப் பரிசோதனைச்சாலை தேவையில்லை. ஊஞ்சல் கொக்கியில் நாணைக் கட்டி, 25 கிலோ அரிசி மூட்டை இரண்டும் பத்து லிட்டர் தண்ணீர்க் குடமும் தொங்கவிட்டால் கணக்குச் சரி. தரையை ஒட்டித் தொங்கவிடுங்கள், கால் விரல் பத்திரம்!

பலத்துக்கு ஆசைப்பட்டுப் போட்டி வில்லுக்கு வருகிற நவீன இழையைப் போடலாமா என்று கேட்காதீர்கள். அது கொஞ்சம்கூட நீளாது. அதிர்ச்சியெல்லாம் மரத்துக்கே போகும். பழைய வில்லின் முனை பிளந்துவிடும். மிதிலையில்கூட நடுவில் ஒடிந்தது வில்தான். நாண் என்ன ஆயிற்று என்று யார் விசாரித்தார்கள்?

நாண் வில்லைவிடச் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும். பூட்டியபின், பிடியின்மேல் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் விரல்நுனி நாணைத் தொட வேண்டும், அதுதான் அளவு. அதற்கு முன்னால் வில்லை வெளிச்சத்தில் பிடித்து நெடுகப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு. அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. போகவேண்டிய பலம் திரும்பி வில்லையும் நாணையும் தாக்கும். பையன்கள் முதலில் செய்வது அதைத்தான்!

அணில், புறா என்று குறி வைக்கவும் விடாதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது வழக்கில் கொண்டுபோய் விடும் சமாசாரம். உங்கள் ஜில்லாவிலேயே விஜயதசமியன்று பழநிக்கு அடுத்த கோதைமங்கலத்தில் சுவாமி அம்பு போடுவது வாழைமரத்தில்தானே? பிள்ளைக்கும் ஒரு வாழைத்தண்டை நட்டுக்கொடுங்கள். அதன் பின்னால் சுவர் இருக்கட்டும், ஆள் நடமாட்டம் வேண்டாம். இடது முன்கையில் பழைய ஜீன்ஸ் துணியை மடித்துக் கட்டிவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

விளையாடி முடிந்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். பூட்டியே வைத்தால் மூங்கில் அப்படியே வளைந்து போகும். ஒவ்வொரு முறையும் பூட்டுமுன் விரலால் உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் இழை பிரிந்து பூனைமயிர் போல் நின்றால் மெழுகு போட்டு ஒப்பேற்ற வேண்டாம். கத்தரிக்கோலால் நாலு துண்டாக வெட்டி எறியுங்கள். முழுசாக எறிந்தால், குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து மறுபடி கட்டிக்கொள்வான்.