கழற்றத் தெரிந்தால் போடலாம்

கல்யாணம் நிச்சயமானதும் நகை, புடவை, மண்டபம் என்று நீளும் பட்டியலில் நகரத்துக் குடும்பங்கள் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்ட ஒன்று உண்டு: பெண்ணுக்கு கான்டாக்ட் லென்ஸ். இப்போதெல்லாம் மாப்பிள்ளைக்கும்தான். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைக்குப் போய், மூக்குக்கண்ணாடிக்கு எழுதிய பழைய சீட்டை நீட்டுகிறார்கள். "பவர் மட்டும் சொல்லுங்க, போதும்" என்கிறார் கடைக்காரர். கால் மணி நேரத்தில் வியாபாரம் முடிந்துவிடுகிறது.

பவர் மட்டும் போதாது. கண்ணாடி மூக்கின் மேல் உட்கார்கிறது. லென்ஸ் உயிருள்ள திசுவின் மேல் உட்கார்கிறது. கார்னியா என்கிற அந்தக் கருவிழிப் படலத்தின் கனம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. அதனால்தான் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாக வெளிக்காற்றிலிருந்தே அது வாங்கிக்கொள்கிறது. லென்ஸ் போடுவது அந்த ஜன்னலைப் பாதி சாத்துவது மாதிரி.

லென்ஸின் வரலாறே அந்த ஜன்னலை மறுபடி திறக்கும் முயற்சிதான். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் ஃபிக் 1888-ல் தந்தது வெள்ளைவிழியையும் சேர்த்து மூடும் கனத்த கண்ணாடிச் சில்லு. சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1948-ல் கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் வந்தது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் செக் விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே, மகனின் பொம்மைப் பொறியியல் செட்டையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஒரு இயந்திரம் செய்து, தண்ணீரை உறிஞ்சும் மென்மையான லென்ஸை வார்த்தெடுத்தார். இன்று கோடிக்கணக்கானோர் அணியும் சாஃப்ட் லென்ஸின் மூதாதை அது. 1990-களின் இறுதியில் வந்த சிலிக்கான் ஹைட்ரோஜெல் ஆக்சிஜனை இன்னும் தாராளமாக உள்ளே விடுகிறது. ஆனாலும் தடுப்பு தடுப்புதான்.

எனவே முதல் லென்ஸுக்கு முன் தனிப் பரிசோதனை அவசியம். கருவிழியின் வளைவை அளக்க வேண்டும். கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா, இமைக்குள் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பவரும் மாறும். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் ஒட்டி நிற்கிறது. கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 5.5 போதும். கிட்டப்பார்வை உள்ள நாற்பது வயதுக்காரருக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கிறது: கண்ணாடியோடு படிக்க முடிந்த பொடி எழுத்து, லென்ஸ் போட்டதும் தடுமாற வைக்கும். கிட்டத்தில் பார்க்க லென்ஸோடு கண் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதுதான் காரணம்.

சிலருக்கு லென்ஸ் அழகு சமாசாரமே அல்ல. கருவிழி கூம்பு போல முன்தள்ளும் கெரட்டோகோனஸ் நோயில், ஒரு கட்டத்துக்கு மேல் எந்தக் கண்ணாடியும் உதவாது. அளவெடுத்துப் பொருத்திய கெட்டி லென்ஸ்தான் அவர்களில் பலருக்குப் பாடப் புத்தகத்தையும் வேலையையும் மீட்டுத் தருகிறது.

முதல் நாள் அனுபவம் எல்லோருக்கும் ஒன்றுதான். கையை சோப்புப் போட்டுக் கழுவி, நூல் பிரியாத துணியில் துடைத்து, ஆள்காட்டி விரல் நுனியில் லென்ஸை ஏந்தி, கிண்ணம் போல நிற்கிறதா, விளிம்பு வெளியே மடங்கி உள்புறம் வெளிப்புறமாகிவிட்டதா என்று பார்த்து, கண்ணுக்குக் கொண்டுபோனால் இமை மூடிக்கொள்ளும். பத்து தடவை மூடும். பதினோராவது தடவை உட்கார்ந்துவிடும். கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். இமையின் உட்சவ்வு மடிந்து வெள்ளைவிழியோடு சேர்ந்துவிடுவதால் அந்தப் பக்கம் வழியே இல்லை.

போடுவதைவிடக் கழற்றுவதுதான் முக்கியமான பாடம். மேலே பார்த்துக்கொண்டு, லென்ஸை வெள்ளைவிழிப் பக்கம் இழுத்து, நகம் படாமல் இரு விரல்களால் மெல்லக் கிள்ளி எடுக்க வேண்டும். தானாகக் கழற்றத் தெரியாதவரை நல்ல மருத்துவமனை லென்ஸோடு வீட்டுக்கு அனுப்பாது.

அதன் பிறகு வரும் ஆபத்து நம் பழக்கங்களில் இருக்கிறது. கண்ணில் என்ன விழுந்தாலும் தண்ணீரை வாரி அடிப்பதே நமக்குத் தெரிந்த வைத்தியம். லென்ஸுக்குத் தண்ணீர்தான் எதிரி. கிணறு, குழாய், மொட்டைமாடித் தொட்டி, நீச்சல் குளம் எல்லாவற்றிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். லென்ஸில் ஒட்டி கருவிழிக்குள் புகுந்தால் தாங்க முடியாத வலி, மாதக்கணக்கில் சிகிச்சை, சில சமயம் பார்வையே இழப்பு. சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அது மசியாது. எனவே லென்ஸோடு குளியல் இல்லை, புண்ணிய நதியில் முழுக்கும் இல்லை. லென்ஸ் டப்பாவையும் குழாயில் கழுவக் கூடாது. நேற்றைய கரைசலைக் கொட்டிவிட்டுத் தினமும் புதிதாக ஊற்ற வேண்டும். பழையதோடு கலந்து நிரப்பினால் கிருமி கொல்லும் சக்தி குறையும். மூன்று மாதத்துக்கொரு முறை டப்பாவையே மாற்ற வேண்டும்.

அடுத்தது தூக்கம். மூடிய இமைக்குள் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதற்கு மேல் லென்ஸும் இருந்தால் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்காகிறது. சென்னையில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி சேர இரண்டு இரவுகள். ஆடும் ரயிலில், அந்த வாஷ்பேசினில் லென்ஸைக் கழற்றி மாட்டுவதைவிட அந்தப் பயணத்துக்குக் கண்ணாடியே உத்தமம்.

கண் சிவந்தால்? "மெட்ராஸ் ஐதான், சரியாகிவிடும்" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கிடைத்துவிடும். சிவப்பு மறையும், தொற்று உள்ளே பரவும். லென்ஸ் அணிபவருக்கு வலியோடு சிவப்போ, வெளிச்சத்தில் கூச்சமோ வந்தால் உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் எடுத்துப் போவது நல்லது. எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அவை உதவலாம்.

பலர் கழற்றாததற்கு அசட்டையைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. அவர்களிடம் கண்ணாடி இருப்பதில்லை. லென்ஸ் வந்த சந்தோஷத்தில் பழையது பரணுக்குப் போயிருக்கும், பவரும் மாறியிருக்கும். அலுவலகம் போக வேண்டும், ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும்; உறுத்தும் கண்ணில் மறுபடி லென்ஸை வைப்பதைத் தவிர வழி தெரியாது. ஆகவே முதல் லென்ஸ் வாங்குகிறவர் அதோடு சரியான பவரில் ஒரு கண்ணாடியும் வாங்க வேண்டும். செலவுக் கணக்கில் இதுவும் சேரும்.

தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும். கண் சிவந்திருக்கிறதா? உறுத்துகிறதா? மங்கலாகத் தெரிகிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் லென்ஸ் டப்பாவிலேயே இருக்கட்டும்.