மூன்று பைசா இடுக்கி



பிரேம்சந்த் 1933-ல் இந்தியில் எழுதிய 'ஈத்கா' சிறுகதையைப் படித்தவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்றாங்க: "அதில் வரும் இடுக்கி தியாகத்தின் சின்னம்!" எனக்கு இதில் பாதிச் சம்மதம்தான்.

கதை சின்னது. தாய் தகப்பன் இல்லாத சிறுவன் ஹமீது. பாட்டி அமீனா கொடுத்த மூன்று பைசாவோடு ரம்ஜான் பெருநாள் சந்தைக்குப் போகிறான். கூட்டாளிகள் ஆளுக்கொரு களிமண் பொம்மை வாங்குகிறார்கள்: சிப்பாய், வக்கீல், தண்ணீர் சுமப்பவன். விலை இரண்டு பைசா. மிட்டாயும் தின்கிறார்கள். ஹமீதோ இரும்புச் சாமான் கடையில் ஆறு பைசா சொன்ன இடுக்கியைப் பேரம் பேசி மூன்று பைசாவுக்கு வாங்குகிறான். ஏன்? ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுட்டுப் போகிறது!

ஸ்மித்தி ஷாப்பில் நின்ற நமக்கு இடுக்கியின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டாம். சிவக்கக் காய்ந்த இரும்புக்கும் நம் கைக்கும் நடுவே நிற்பது அதுதானே! எனவே, அந்த இடுக்கி எனக்கு முதலில் காட்டுவது தியாகத்தை அல்ல, பார்வையை. தினமும் ஒரு கை சுடுகிறது. அதை ஒருத்தன் கவனிக்கிறான். அதற்கேற்ற கருவியைத் தேடுகிறான். இன்ஜினியரிங் என்பது இதுதான் அல்லவா? எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். எங்கம்மா இன்னும் முந்தானையால்தான் உலைப்பானையை இறக்குறாங்க. அந்தக் கையைப் பார்க்கத் தெரியாவிட்டால் என் டிப்ளமோ வெறும் காகிதம்தான்!

ஆனால் இந்தக் கதையைக் காட்டி, "ஏழைப் பிள்ளை ஆசைப்படக் கூடாது, ஹமீது மாதிரி இருக்கணும்" என்று உபதேசம் செய்வதை நான் ஏற்க மாட்டேன். பிரேம்சந்த் அப்படி எழுதவில்லை. அந்தப் பொம்மைகளை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க மாட்டோமா என்று ஹமீது ஏங்குகிறான். நண்பர்கள் கேலி செய்தபோது, "என் இடுக்கி இரும்பு, உன் பொம்மை மண்" என்ற கணக்கில் வாதாடி ஜெயிக்கிறான். அந்த வீறாப்புக்குள் ஏக்கமும் இருக்கிறது.

கடைசியில் பாட்டி குழந்தையைப் போல அழுகிறாள். பேரன் பெரியவனாகி நிற்கிறான். படிக்கிறவர்கள் இதைப் பாராட்டுகிறார்கள். நானோ கேட்கிறேன்: அந்தப் பிள்ளையின் குழந்தைப் பருவத்துக்கு யார் விலை கொடுத்தது? பொம்மைகள் வீடு சேர்ந்ததும் உடைந்தன, உண்மை. ஆனால் உடைத்து விளையாடவும் ஒரு வயது வேண்டாமா?

நம்மில் எத்தனை பேர் "குடும்பப் பொறுப்புள்ள பையன்" என்று பெயர் வாங்கி, டூருக்குப் பெயர் கொடுக்காமல், கேண்டீன் பக்கம் போகாமல் இருக்கிறோம்! அந்தப் பொறுப்பு நல்லதுதான். ஆனால் அதைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்து போகிறவர்களை நம்பாதீங்க.

தோழர்களே! இடுக்கியும் வேண்டும், பொம்மையும் வேண்டும். இரண்டையும் வாங்க நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் ஐந்து பைசா இருக்கும்படி செய்வதே நாம் படித்த படிப்புக்கு அழகு!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை