முதல் ஆர்டர் யாரோடது?



ஸ்டார்ட்அப் பத்தி எழுத விவசாயிக்கு என்ன தகுதின்னு கேக்கலாம். ஏரி நிரம்புமான்னு தெரியாமலே நாத்து விடுறவன் நான். அந்தத் தகுதி போதும்னு நினைக்கிறேன்.

இப்பல்லாம் எங்க ஊர்ப் பசங்க போன்ல தன்னம்பிக்கைப் பேச்சுதான் ஓடுது. திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம் 2010ல ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021ல அமெரிக்காவோட நாஸ்டாக் சந்தைக்குப் போன கதையை ஆளாளுக்கு சொல்றாங்க. நெஜமாவே பெரிய சாதனைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா "துணிஞ்சாரு, ஜெயிச்சாரு"ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. நடுவுல இருக்கற பதினோரு வருஷம் எங்க போச்சு?

பொன்னேரியில ரயில் ஏறி சென்னைக்குப் போனா மீஞ்சூர், அத்திப்பட்டு தாண்டி எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர்னு வரும். விம்கோங்கறது தீப்பெட்டிக் கம்பெனியோட பேரு. அந்தப் பக்கம் ஸ்டேஷனுக்கே கம்பெனி பேருதான். இந்தத் தடத்துல இருக்கற பழைய ஸ்டார்ட்அப் கதைகளை எந்தப் பேச்சாளரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அசோக் லேலண்டை எடுத்துக்குங்க. 1948ல ரகுநந்தன் சரண் மகன் பேரை வெச்சு அசோக் மோட்டார்ஸ்னு ஆரம்பிச்சார். எண்ணூர்ல பூட்டினது லாரி இல்ல, ஆஸ்டின் ஏ40 கார். அப்புறம்தான் நாட்டுக்குத் தேவை லாரியும் பஸ்ஸும்னு லேலண்டோட கை கோத்தாங்க. 1955ல அசோக் லேலண்ட்னு பேர் மாறினப்ப சரண் உயிரோட இல்ல, விமான விபத்துல போய்ட்டார். பாதியில தொழிலை மாத்திக்கறதை இன்னிக்கு "பிவட்"னு ஸ்டைலா சொல்றாங்க. எங்க ஊர்ல கரும்பை விட்டுட்டு நெல்லுக்கு வந்தா "தோத்துட்டான்"ம்பாங்க.

எனக்குப் பிடிச்ச கதை புல்லட்தான். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை. ஏன் ஆரம்பிச்சாங்க? இந்திய ராணுவத்துக்கு எல்லையில ரோந்து போக வண்டி வேணும், 350 சிசியில 800 வண்டிக்கு ஆர்டர் இருந்தது. ஷெட்டு போடறதுக்கு முன்னாடியே வாங்கற ஆள் ரெடி! முதல்ல பாகங்களை இறக்கிப் பூட்டினாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் இங்கயே செய்யப் பழகினாங்க. 1970 வாக்குல தாய்க் கம்பெனியே இங்கிலாந்துல கடையை மூடிடுச்சு. திருவொற்றியூர் நிக்கல. 1977ல இங்கருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏத்துமதி ஆச்சு.

2000த்துல நிலைமை மோசம். மாசம் சுமார் 2,000 வண்டிதான் வித்துது. 26 வயசு சித்தார்த்த லால் பொறுப்பெடுத்து, ஜெய்ப்பூர் தொழிற்சாலையை மூடி, 2009ல கிளாசிக்கைக் கொண்டாந்து, 2018-19ல வருஷம் 8 லட்சம் வண்டியைத் தாண்டினாங்க. பேச்சாளர்கள் இதைச் சொன்னா "26 வயசு இளைஞன்"னு சொல்வாங்க. 1994லயே அந்தக் கம்பெனியை வாங்கினது அவங்க குடும்பத்தோட ஐஷர்ங்கறதைச் சொல்ல மாட்டாங்க. விழுந்தா தாங்கறதுக்கு ஒரு வைக்கோல் போர் இருந்துச்சு. எல்லாப் பசங்களுக்கும் அது இருக்கா?

இதைவிடப் பழசு ராயபுரம் ஸ்டேஷன். 1856ல தென்னிந்தியாவோட முதல் பாசஞ்சர் ரயில் கிளம்பின இடம். ரயில் கம்பெனியில பணம் போட்ட லண்டன் முதலாளிகளுக்கு, லாபம் வந்தாலும் வராட்டியும் சுமார் 5 சதவீதம் வட்டிக்கு உத்தரவாதம் இருந்தது. குறைஞ்சா ஈடு கட்டினது நம்ம வரிப்பணம். இந்த மாதிரி ரிஸ்க்குன்னா நானும் எடுப்பேன்!

இன்னொரு விஷயமும் உறுத்துது. 2017 ஜனவரி 28, எண்ணூர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. கரையில ஜனங்க வாளியால அள்ளினாங்க, நாடே பார்த்துச்சு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் மறுபடி எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. மறுபடி மீனவர்கள் படகுல போய் மக்குலயும் வெறுங்கையிலயும் அள்ளினாங்க. நடுவுல ஆறு வருஷம்! அதே ஊர்ல ஐஐடி இருக்கு. அங்க 2013ல ஆரம்பிச்ச ஏத்தர், 2018ல ஸ்கூட்டரை வாடிக்கையாளர் கையில கொடுத்துச்சு. அஞ்சு வருஷப் பொறுமைக்கு அங்க பணம் கிடைச்சுது. வாளிக்கு மாத்து கண்டுபிடிக்கறவனுக்கு யார் பணம் போடுவா? வாங்க வேண்டியது அரசாங்கமும் கம்பெனிகளும்தான், மீனவனால முடியாது. அவங்க ஆர்டர் கொடுக்காத வரைக்கும் எந்தப் புத்திசாலிப் பையனும் அந்தப் பக்கம் போக மாட்டான்.

இவ்வளவும் ஏன் எழுதறேன்னா, எங்க அக்கா பையன் போன மாசம் வந்து "மாமா, அம்மா பங்கு நிலத்தை அடமானம் வெச்சு மருந்தடிக்கிற ட்ரோன் வாங்கலாம்னு இருக்கேன்"னான். படிச்ச பையன், சோம்பேறி இல்ல. எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. ட்ரோன் வேணாம்னு சொல்லல. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊர்ல அது நல்ல தொழில்தான். ஆனா நவரையிலயும் சம்பாவுலயும் சில வாரம்தான் மருந்தடிப்போம், மிச்ச நாள் அது என்ன பண்ணும்? மகளிர் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்துல, 8 லட்சம் வரைக்கும், மத்திய அரசே ட்ரோன் கொடுக்குது. மானியத்துல வாங்கினவங்க கேக்கற கூலிக்கு, வட்டி கட்டறவன் அடிக்க முடியுமா?

புல்லட் கதையைச் சொல்லி, "உன்னோட 800 எங்கடா?"ன்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டான். ரெண்டு நாள் கழிச்சு ஒரு நோட்டோட வந்தான். நாலு ஊர்ல வீடு வீடாப் போய், யார் எத்தனை ஏக்கர், எந்த மாசம், ஏக்கருக்கு எவ்வளவு தருவாங்கன்னு எழுதிட்டு வந்திருக்கான். இப்போதைக்கு 63 ஏக்கர் சேர்ந்திருக்கு. அது பத்தாதுன்னு அவனே சொல்லிட்டான். இந்த சீசனுக்கு ஒரு மகளிர் குழுவோட ட்ரோனை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாக்கப் போறான். பத்திரம் அக்கா பீரோவுலதான் இருக்கு.